"வீட்டுக்கே வந்து ஜீரோ பண்ணித் தர்றோம்": பழைய ஏர் ரைபிள் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பிள்ளைகளுக்கு 10 மீட்டர் ஏர் ரைபிள் (10 மீட்டர் தூரப் போட்டிக்கான காற்றுத் துப்பாக்கி) வாங்கிக்கொடுத்து, வீட்டிலேயே சுட்டுப் பழக ஒரு ரேஞ்சும் போட்டுத் தரலாம் என்று யோசிக்கிற பெற்றோர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, பழைய ஜெர்மன் ரைபிளை "சர்வீஸ் பண்ணி, வீட்டுக்கே வந்து ரேஞ்ச் அமைச்சு, ஜீரோ பண்ணிக் கையில குடுக்கிறோம்" என்று மொத்தமாகப் பேசி விற்பவர்களிடம் போகிறவர்களுக்கு. எங்களிடம் வாங்கியது ரைபிளுக்கு 1,65,000, ரேஞ்ச் அமைக்க 18,000, ஜீரோயிங் (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழுமாறு, குறிபார்க்கிற பாகமான சைட்டை அமைத்துத் தருவது) என்று தனியாக 6,000. புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. இந்த ஒரு கடை மட்டும் இப்படிச் செய்கிறது என்றும் நான் நினைக்கவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மேல் போகாத சக்தி என்றால் நம் நாட்டில் ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். போட்டி ரைபிள்கள் ஏழரை ஜூல் பக்கம்தான், அதனால் வாங்குவதில் சட்டச் சிக்கல் இல்லை. சிக்கல் விலையில். புதியது இரண்டரை, மூன்று லட்சம் என்று போகிறது. அதனால் பழையதைத் தேடுகிறோம். அப்படித் தேடும்போதுதான் இவர்கள் கையில் மாட்டுகிறோம். 2024 பாரிஸில் துப்பாக்கிச் சுடுதலில் மட்டும் மூன்று வெண்கலம் வந்த பிறகு இந்தக் கடைகளின் வாயைக் கேட்க வேண்டுமே! "பிந்த்ரா வீட்டு ரேஞ்சுலதான் சார் பழகினாரு, 2008ல தங்கம் அடிச்சாரு. நம்ம இளவேனில் கடலூர்ப் பொண்ணு சார்." அபினவ் பிந்த்ரா ஏர் ரைபிளில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர், இளவேனில் வாலறிவன் ஏர் ரைபிள் வீராங்கனை. இரண்டும் உண்மைதான். உண்மையைச் சொல்லித்தானே நம்மை உட்கார வைக்கிறார்கள்.

ரேஞ்ச் அமைக்கக் கடைக்காரரே காலையிலேயே வந்தார். பேச்சு நயமானவர். ஹாலின் ஒரு முனையில் மேசை, மறுமுனைச் சுவரில் குண்டைத் தாங்கத் தகரப் பெட்டி, மேலே ஒரு எல்இடி விளக்கு, சுடுகிறவர் நிற்கிற இடத்தில் தரையில் மஞ்சள் டேப். மேசை மேல் மணல் மூட்டை வைத்து, ரைபிளை அதில் சாய்த்து அவரே சில குண்டுகள் சுட்டார். குறி அட்டையை எடுத்துவந்து காட்டினால் நடுவில் ஒரே ஓட்டை. "பாருங்க சார், ஜீரோ பக்கா. பாப்பா இனிமே சைட்டைத் தொடவே வேணாம்." கூடவே, "ஃபேக்டரி டெஸ்ட் கார்டு" என்று லேமினேட் செய்த இன்னொரு அட்டையும் கொடுத்தார். மகளை ஒரு குண்டுகூடச் சுடச் சொல்லவில்லை.

வீட்டில் சுடும்போது மகளுக்கு எல்லாம் நன்றாகவே போனது. மதிப்பெண் முன்பைவிடக் கூடியது. அதே ரைபிளோடு கிளப் ரேஞ்சுக்குப் போனதும் குண்டுகள் வரிசையாக மேலே ஏறின. சரி, இடம் மாறினால் கொஞ்சம் மாறும் என்று அவள் சைட்டை இறக்கினாள். இறங்கியது. கொஞ்ச நேரத்தில் இடப்பக்கம் ஓடியது. திருப்பினாள், வரவில்லை. இன்னும் திருப்பினாள், ஒரேயடியாக வலப்பக்கம் போய் விழுந்தது. "அப்பா, நான்தான் தப்பா பிடிக்கிறேனா?" என்று கேட்டாள். காசு போனதைவிட எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது அந்தக் கேள்வியை நினைத்துத்தான். பொருளில் இருக்கிற கோளாறைப் பிள்ளை தன் மேல் போட்டுக்கொள்கிறது.

கோச் ரைபிளை வாங்கிப் பார்த்தார். பின் சைட்டை இரண்டு விரலால் பிடித்து லேசாக அசைத்தார். அசைந்தது. திருகைக் கழற்றி சைட்டை அது பொருந்துகிற பள்ளத்திலிருந்து உருவியபோது அடியிலிருந்து ஒரு தகடு விழுந்தது. குளிர்பான டின்னை வெட்டி நான்காக மடித்த தகடு, ஓரத்தில் சிவப்புச் சாயம் அப்படியே இருந்தது. சைட்டின் பிடி தேய்ந்துபோய் ரைபிளைக் கவ்வவில்லை, அதற்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சைட்டை இடம் வலம் நகர்த்துகிற திருகும் தேய்மானம்தான். திருப்பினால் கிளிக் சத்தம் கேட்கும், முதல் இரண்டு மூன்று கிளிக்குக்கு எதுவும் நகராது, அப்புறம் ஒரே தாவல். "இதுல நீ என்னம்மா பண்ணுவே" என்று மகளிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "சிலிண்டர் தேதி பார்த்தீங்களா சார்?"

ரைபிளின் குழலுக்குக் கீழே இருக்கிற காற்று சிலிண்டரில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பொதுவாக அதன் ஆயுள் 10 ஆண்டு. எங்களுடையதில் அந்த இடத்தில் கடையின் வட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சுரண்டிப் பார்த்தால் காலாவதியாகி வருஷக்கணக்கு. உள்ளே நிரப்புவது 200 பார் அழுத்தம். கார் டயரில் இருப்பது இரண்டு பாரை ஒட்டித்தான், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதைத்தான் என் பிள்ளை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தாள். கிளப்பில் காற்று நிரப்புகிறவர் அதைத் தொட மாட்டேன் என்று ஓரமாக வைத்துவிட்டார். அவர் செய்தது சரி. புது சிலிண்டருக்கு விசாரித்தால் முப்பதாயிரத்துக்குப் பக்கம் சொல்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்டீல் டேப்பை எடுத்தேன். அட்டையின் முகத்திலிருந்து மஞ்சள் கோடு வரை 9.25 மீட்டர். அதாவது முக்கால் மீட்டர் குறைவு. இதனால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். குண்டு நேர்கோட்டில் போவதில்லை. சைட், குழலுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் மேலே இருக்கிறது, குழல் மிக லேசாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது, குண்டு ஏறிப்போய் பார்வைக் கோட்டைத் தொடுகிறது. கிட்டத்தில் வைத்து நடுவில் விழுமாறு சைட்டை அமைத்தால், உண்மையான 10 மீட்டரில் அது மூன்று மூன்றரை மில்லிமீட்டர் மேலே போகும். இந்த அட்டையில் ஒரு வளையத்தின் அகலமே இரண்டரை மில்லிமீட்டர். பத்து என்கிற புள்ளி அரை மில்லிமீட்டர். வீட்டில் பத்து, கிளப்பில் எட்டரை என்று வந்ததன் ரகசியம் இதில் பாதி. கிட்டத்திலிருந்து பார்த்தால் கறுப்பு வட்டமும் பெரிதாகத் தெரியும், மதிப்பெண் கூடியதற்கும் காரணம் அதுதான்.

இடம் இல்லாத வீட்டில் குறைந்த தூரத்தில் பழகுவது குற்றமில்லை. தூரம் எந்த அளவு குறைகிறதோ அந்த அளவுக்கு அட்டையையும் சுருக்கி அச்சடித்துக்கொள்வார்கள், கிளப்புக்குப் போனதும் சைட்டை மறுபடி வைத்துக்கொள்வார்கள். இவர் முழு அளவு அட்டையை மாட்டிவிட்டு "பத்து மீட்டர்" என்று பில்லிலும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

தகரப் பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். எண்ணெய் டின் தகடு, சுவரோடு செங்குத்தாக நிற்கிறது. பின்தகடு சாய்வாக இருந்தால்தான் குண்டு கீழே மடிந்து விழும். செங்குத்தாக இருந்தால் திரும்பி வரும். எங்கள் வீட்டில் நசுங்கிய குண்டுகள் சோபாவுக்கு அடியில் கிடந்தன. ஈயம் அது. சாப்பாட்டு மேசை இருக்கிற ஹாலில் ஈயத்தூள் பறப்பதை முதல் நாளே மனைவி கேட்டாள், "ஒண்ணும் ஆகாதுங்க மேடம்" என்று பதில் வந்தது. கண்ணாடி போடாமல் சுட விடாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள், சுட்டு முடித்ததும் கை கழுவச் சொல்லுங்கள்.

குண்டுகளிலும் கைவரிசை இருந்தது. நல்ல ஜெர்மன் டப்பா, மூடியைத் திறந்தால் ஓரம் வளைந்த குண்டுகள், அடியில் கறுப்புத் தூள். நண்பரின் நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தோம். டப்பா மேல் 0.53 கிராம் என்று போட்டிருக்கிறது. தராசு 0.48 என்றது, அடுத்தது 0.55, அடுத்தது 0.50. போட்டிக் குண்டுகளில் இப்படி வராது. நல்ல டப்பாவில் மலிவுச் சரக்கை நிரப்பியிருக்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டில் சுட்டுக் காட்டியபோது அவர் குண்டை எடுத்தது தன் சட்டைப் பையிலிருந்து. அப்போது அது உறுத்தும்படியாகத் தெரியவில்லை.

அந்த லேமினேட் அட்டை? தொழிற்சாலையில் ரைபிளை இறுகப் பூட்டிச் சுட்டுப் பார்க்கிற அட்டையில் ரைபிளின் வரிசை எண் இருக்கும். எங்கள் அட்டையில் எண்ணும் இருந்தது, அது வேறொரு ரைபிளின் எண்.

கடைக்காரரிடம் போனேன். சைட் தகடு பற்றிக் கேட்டதற்கு "அது ஷிம் சார், வெளிநாட்டுல எல்லாரும் போடுறதுதான்." தூரம் பற்றிக் கேட்டதற்கு "உங்க ஹால் அவ்வளவுதான் சார், நான் என்ன சுவரையா இடிக்க முடியும்?" சிலிண்டருக்கு "பழைய பொருள், அப்படித்தான் இருக்கும்." கடைசியாக மகளைக் காட்டி, "ஜீரோ நான் வெச்சது சரியாத்தான் இருந்துச்சு, பாப்பா கிளிக்கைத் திருப்பிட்டா, அதான்" என்றார். அதுவரை பொறுமையாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் ஒன்றை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். போட்டி ரைபிளில் ஜீரோயிங் என்பது கடையில் விற்கிற பொருளே இல்லை. பீப் சைட்டில் (சிறு துளை வழியே பார்க்கிற பின் சைட்) கண் எங்கே வருகிறது, கன்னம் எவ்வளவு அழுந்துகிறது, முன் சைட்டின் வளையம் என்ன அளவு, அன்றைக்கு விளக்கு எப்படி, எல்லாம் சேர்ந்துதான் குண்டு விழுகிற இடம். இன்னொருவர் வைத்த ஜீரோ அவருடைய கண்ணுக்கு. சர்வதேசப் போட்டியிலேயே 60 குண்டு ஆரம்பிக்கும் முன் எல்லோருக்கும் 15 நிமிடம் தயாராகவும் சைட் பார்க்கவும் கொடுக்கிறார்கள், அதில் எத்தனை குண்டு வேண்டுமானாலும் சுட்டுப் பார்க்கலாம். ஒலிம்பிக் வீரரே ஒவ்வொரு முறையும் புதிதாக வைக்கிற சைட்டை, "இனிமே தொடவே வேணாம்" என்று ஒருவர் சொன்னால் அவருக்குத் தொழில் தெரியவில்லை, அல்லது தொட்டால் குட்டு உடையும் என்று தெரிந்திருக்கிறது.

கடையில் கேட்க வேண்டியது ரைபிள் ஒழுங்காகச் சுடுகிறதா, சைட் சொன்னபடி கேட்கிறதா என்று மட்டும்தான். அதற்குச் சோதனை சுலபம். உங்கள் டேப்பால் அளந்த 10 மீட்டர், நீங்கள் கொண்டுபோன, சீல் உடைக்காத குண்டு டப்பா. ரைபிளின் கட்டையை மணல் மூட்டையில் வையுங்கள், குழல் எதிலும் படக்கூடாது. ஐந்து குண்டு, ஒரே அட்டை. ஒரு குண்டைப் பார்த்து எதையும் முடிவுசெய்யாதீர்கள், ஐந்தும் சேர்ந்த கூட்டத்தைப் பாருங்கள். அப்புறம் வலப்பக்கம் இருபது கிளிக், ஐந்து குண்டு. மேலே இருபது, ஐந்து குண்டு. இடப்பக்கம் இருபது, கீழே இருபது. சதுரமாகச் சுற்றிவந்து முதல் ஓட்டையிலேயே விழ வேண்டும். எங்கள் ரைபிளில் கோச் இதைச் செய்தபோது சதுரம் மூடவே இல்லை. இதற்குச் சம்மதிக்காத கடையில் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

முடிந்தால் குண்டின் வேகத்தையும் அளக்கும் கருவியில் பாருங்கள். விநாடிக்கு 170 மீட்டர் பக்கம் ஒரே சீராக வர வேண்டும். ரெகுலேட்டர் (காற்றழுத்தத்தைச் சீராக வைக்கிற பாகம்) தேய்ந்த ரைபிளில் ஒன்று 170, அடுத்தது 160 என்று வரும். வேகத்தில் வருகிற அந்தப் பத்து மீட்டர் வித்தியாசத்துக்கே குண்டு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கிவிடும். பிள்ளை மேலும் கீழுமாகக் கிளிக் திருப்பிக்கொண்டே இருக்கும். சிலிண்டரில் ஸ்டிக்கர் இருந்தால் உரித்துப் பாருங்கள். பில்லில் ரைபிளின் எண், சிலிண்டரின் எண், தேதி மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். முதலில் யார் இறக்குமதி செய்தது என்கிற காகிதத்தின் நகலும் வேண்டும்.

எங்கள் விஷயம் இப்போது இருக்கிற நிலை: 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்ததும் ஜீரோயிங் கட்டணம் 6,000 திரும்பி வந்தது. மற்றதற்குப் பதில் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போகலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், தகடு, ஸ்டிக்கரோடு எடுத்த சிலிண்டர் படம், சதுரம் மூடாத அட்டை எல்லாவற்றையும் இணைத்திருக்கிறோம். கோச் எழுதிக்கொடுத்த ஒரு பக்கக் குறிப்புதான் அதில் பலமான ஆவணம் என்று அங்கே சொன்னார்கள்.

மகள் இப்போது கிளப் ரைபிளில் சுடுகிறாள். வீட்டு ரேஞ்சில் தகரப் பெட்டியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது. அதே கடையில் ரேஞ்ச் அமைத்துக்கொண்டவர்கள் இருந்தால், இன்றைக்கே டேப்பை வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள், சிலிண்டர் தேதியைப் பார்க்கும்வரை காற்று நிரப்ப வேண்டாம்.