முதலாண்டு சட்டம் சேர்ந்திருக்கிறீர்களா? ‘கம்ப்ளீட் கிட்’டுக்குப் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்த கையோடு உங்கள் போனுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் லிங்க் வரும். முகப்பில் கல்லூரிக் கட்டடத்தின் படம், அட்மின் பெயருக்குப் பின்னால் ‘சீனியர்’ என்று ஒரு ஒட்டு. முதலில் எல்லாம் நல்லபடியாகத்தான் போகும். டிசி எத்தனை நகல் வேண்டும், பஸ் ஸ்டாண்டிலிருந்து எந்த நம்பர் பஸ், ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்று கேட்டதற்கெல்லாம் அட்மின் பொறுமையாகப் பதில் சொல்வார். நம்பிக்கை வந்த பிறகு ஒரு நாள் ‘ஃபர்ஸ்ட் இயர் கம்ப்ளீட் கிட்’ என்று ஒரு படம் விழும். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. நானும் என்னோடு சேர்ந்த பலரும் அதற்குப் பணம் கட்டி, ரத்தாகிப் போன சட்டங்களைப் புதுப் புத்தகம் என்று வாங்கி வந்தோம்.

கிட்டின் விலை 5,400 ரூபாய். பேர் ஆக்ட் செட் (விளக்கம் எதுவும் இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் இருக்கும் புத்தகங்கள்), பாடப் புத்தகங்கள், சட்ட அகராதி, ‘முக்கியத் தீர்ப்புகள்’ என்று ஸ்பைரல் போட்ட ஒரு கட்டு, கறுப்பு கோட், கவுன், கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டை எல்லாம் அதற்குள் அடக்கம். "முதல் வாரமே புக் இல்லாதவங்களை கிளாஸ்ல உட்கார விடமாட்டாங்க, போன வருஷம் நிறைய பேர் வெளியில நின்னாங்க" என்று அட்மின் எழுதினார். கீழேயே இரண்டு பேர் "ஆமா அண்ணா, நான் வாங்கிட்டேன்" என்று போட்டார்கள். அந்த இரண்டு பேரையும் கல்லூரி திறந்த பிறகு இன்றுவரை எந்த வகுப்பிலும் யாரும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் இதற்கு முன் யாரும் சட்டம் படித்ததில்லை, அதனால் எது வேண்டும் எது வேண்டாம் என்று கேட்க ஆள் கிடையாது. என் பேட்ச்சில் பாதிப் பேர் அப்படித்தான். இந்த வியாபாரம் ஓடுவதே அதனால்தான்.

பணம் ஒரு தனிநபர் எண்ணுக்கு ஜிபே. பில் கேட்டதற்கு "கிட்டோட வரும்" என்றார்கள், வரவில்லை. கல்லூரிக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். புத்தகங்கள் பளபளவென்று பிளாஸ்டிக் சுற்றி இருந்தன. குற்றவியல் சட்டப் புத்தகத்தின் அட்டையில் ‘புதிய பதிப்பு’ என்று ஒரு ஸ்டிக்கர் வேறு.

வகுப்பில் மேடம் கொலைக்கான வரையறையைப் பார்ப்போம், பிரிவு 101 எடுங்கள் என்றார். எடுத்தோம். என் புத்தகத்தில் 101 தற்காப்பு உரிமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. பக்கத்து பெஞ்சிலும் அதே. லைப்ரரி புத்தகம் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் கொலை வந்திருந்தது. விஷயம் இதுதான்: 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பிஎன்எஸ், வந்துவிட்டது. பிரிவு எண்கள் எல்லாம் தலைகீழாக மாறிவிட்டன. கொலைக்கான தண்டனை 302-லிருந்து 103-க்குப் போய்விட்டது, ஏமாற்றுதல் 420-லிருந்து 318-க்குள் போய்விட்டது. நாங்கள் பணம் கொடுத்து வாங்கியது 511 பிரிவுகள் கொண்ட பழைய ஐபிசி, அதாவது அந்த இந்திய தண்டனைச் சட்டம். ஸ்டிக்கரைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் 2019 என்று பதிப்பு ஆண்டு இருந்தது. கடைசிப் பக்கத்தில் பழைய எண், புதிய எண் என்று ஒரு அட்டவணையை ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் அடித்திருந்தார்கள். அதுதான் அவர்கள் சொன்ன ‘புதிய பதிப்பு’.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் பழைய சிஆர்பிசி. சாட்சியச் சட்டம் 1872. பிஎன்எஸ் வந்த அன்றே இவையும் மாறிவிட்டன. இரண்டுமே முதல் வருடத்தில் எங்களுக்குப் பாடமே கிடையாது என்பது தனிக் கதை. அரசியலமைப்புப் புத்தகம் 103-வது திருத்தத்தோடு, அதாவது 2019-இல் வந்த 10 சதவீத இட ஒதுக்கீட்டோடு நின்றுவிட்டது. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் 106-வது திருத்தம் 2023-இல் வந்தது, அது இல்லவே இல்லை. இதிலெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது டார்ட்ஸ் (ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் தீங்குக்கு இழப்பீடு கேட்பது பற்றிய பாடம்) புத்தகத்தைப் பார்த்துத்தான். நுகர்வோர் பாதுகாப்பு அத்தியாயத்தில் ‘மாவட்ட மன்றம், 20 லட்சம் ரூபாய் வரை’ என்று 1986 சட்டம் அச்சாகியிருந்தது. அந்தச் சட்டம் 2020 ஜூலையிலேயே போய்விட்டது. இப்போது இருப்பது 2019 சட்டம், மாவட்ட ஆணையம், 50 லட்சம் வரை. ஏமாந்தால் எங்கே புகார் கொடுப்பது என்று சொல்ல வேண்டிய அத்தியாயமும் காலாவதி.

கவுன், பட்டை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு மட்டும் கிட்டில் ஆயிரத்துக்கு மேல் போயிருக்கும். "மூட் கோர்ட்டுக்குக் கட்டாயம்" என்று விற்றார்கள் (மாணவர்கள் வக்கீல்போல வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம்தான் மூட் கோர்ட்). கட்டாயமும் இல்லை, நாம் போடவும் கூடாது. கவுனும் வெள்ளைப் பட்டையும் பார் கவுன்சிலில் பதிவு செய்த வக்கீல்களுக்கு உரியவை. மாணவர்களுக்கு மூட் கோர்ட்டிலும் இன்டர்ன்ஷிப்பிலும் என்ன உடை என்று பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 2008 சட்டக் கல்வி விதிகளிலேயே இருக்கிறது. வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கறுப்பு கோட், ஷூ, அவ்வளவுதான். அந்த கோட்டும் முதல் செமஸ்டரில் எங்களுக்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டபோது கிட் கோட்டின் தோள் என் தோளைவிட ஒரு சாண் வெளியே நின்றது, சீனியர் ஒருவருடைய கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஸ்பைரல் கட்டு இன்னும் மோசம். கேசவானந்த பாரதி உள்பட சில தீர்ப்புகளை நெட்டில் இறக்கி, பாதிப் பக்கம் மங்கலாக ஜெராக்ஸ் போட்டு வைத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2023 ஜனவரியில் தொடங்கிய இ-எஸ்சிஆர் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. மத்தியச் சட்டங்கள் எல்லாம் ‘இந்தியா கோட்’ தளத்தில் திருத்தங்களோடு பிடிஎஃப் ஆகவே இருக்கின்றன, ஒரு பைசா கிடையாது. இதை எங்களிடம் யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த 5,400 எனக்கு மெஸ் பில்லுக்கு ஆகியிருக்கும்.

சரி, திருப்பிக் கேட்கப் போனோமா? போனோம். ஜெராக்ஸ் கடைக்காரர் "நான் பெட்டி வைக்க இடம் கொடுத்தேன், அவ்வளவுதான்" என்று கை விரித்தார். குரூப் அட்மின் யார் என்று விசாரித்தால் அவர் எந்தக் கல்லூரிக்கும் சீனியர் இல்லை, ஊருக்குள் இருக்கும் ஒரு பழைய புத்தகக் கடையின் ஆள். கடைக்குப் போனால் முதலாளி உட்காரச் சொல்லி டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தார். "தம்பி, பழைய கேஸ் எல்லாம் இன்னும் ஐபிசி-லதான் நடக்குது, நாளைக்கு கோர்ட்டுக்குப் போனா உங்களுக்கே தெரியும்" என்றார். இதில் எரிச்சல் என்னவென்றால் அவர் சொன்னது உண்மை. 2024 ஜூலை 1-க்கு முன்னால் நடந்த குற்றங்களுக்கு இன்றைக்கும் பழைய சட்டம்தான். கோர்ட்டில் வேலை செய்யும் வக்கீலுக்கு இரண்டு புத்தகமும் வேண்டும். ஆனால் எங்கள் சிலபஸில் இருப்பது பிஎன்எஸ், அவர் விற்றதும் பிஎன்எஸ் என்று சொல்லித்தான். பாதி உண்மையை வைத்து முழுப் பொய்யை மூடுவதில் அந்த ஆள் பல வக்கீல்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்.

என் அறைத் தோழன் ஐந்தாண்டுப் படிப்பு, அவனுக்கு அப்போது பதினேழு வயதுதான். ஒப்பந்தச் சட்டத்தில் மோஹரி பீபி வழக்கு அந்த வாரம்தான் நடத்தியிருந்தார்கள் (1903, மைனரோடு செய்த ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று பிரிவி கவுன்சில், அதாவது அன்றைய லண்டன் மேல்முறையீட்டு மன்றம், சொன்னது). அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்கு இன்னும் பதினெட்டு ஆகலை, நீங்க என்கிட்ட வித்ததே செல்லாது" என்றான். முதலாளி அசரவில்லை. "அப்போ உங்க அப்பாவைக் கூட்டிட்டு வா கண்ணு" என்றார். அதோடு எழுந்து வந்தோம்.

கடையில் பெரிய எழுத்தில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று போர்டு இருந்தது. "கவரைப் பிரிச்சிட்டீங்க" என்பது அடுத்த வாதம். இந்த போர்டைப் பார்த்து நிறைய பேர் வாய் மூடித் திரும்பிவிடுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47) எவையெல்லாம் முறையற்ற வணிகம் என்று சொல்கிறது. பில் கொடுக்காமல் இருப்பது அதில் ஒன்று. குறையுள்ள பொருளை, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படி எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது இன்னொன்று. போர்டு மாட்டிவிட்டால் இந்தப் பிரிவு மறைந்துவிடாது. பிரிவை எழுதி எடுத்துக்கொண்டு மறுபடி போனபோது முதலாளி டீ வாங்கிக் கொடுக்கவில்லை. பாதிப் பணத்துக்கு கைடு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வேண்டாம் என்றோம், அன்று ராத்திரியே எங்களை குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். நல்லவேளையாக அதற்கு முன்பே விளம்பரப் படம், ‘பிஎன்எஸ் உண்டு’ என்ற மெசேஜ், ஜிபே ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தோம். நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள், பேச்சு எல்லாம் அப்புறம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். மரியாதையாகப் பேசினார்கள், எண் கொடுத்தார்கள், ஆனால் இந்த மாதிரி சின்னக் கடை பதிலே போடாமல் விட்டுவிட்டால் அவர்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை. கடைசியில் கடைக்காரரை அசைத்தது நாங்கள் அனுப்பிய நோட்டீஸ்தான். வக்கீல் வேண்டும் என்றுகூட இல்லை. நாங்களே தமிழில் இரண்டு பக்கம் எழுதி, என்ன விற்றார்கள், என்ன கொடுத்தார்கள், எந்தப் பிரிவு, எத்தனை நாளில் பணம் வர வேண்டும், இல்லாவிட்டால் மாவட்ட ஆணையத்துக்குப் போவோம் என்று போட்டு, சம்மதித்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்பினோம். ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் ஆணையத்தில் கட்டணமே கிடையாது, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்பதையும் நோட்டீஸில் சேர்த்திருந்தோம். கையெழுத்துப் போட்டவர்கள் ஆறு மாவட்டத்துக்காரர்கள். ஆறு ஊருக்கு அலைய வேண்டி வரும் என்று கடைக்காரருக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

புத்தகத்துக்கான பணம், ஆளுக்கு 3,600, வந்தது. கோட், கவுன் பணத்துக்கு "பயன்படுத்திய துணி" என்று சொல்லி இழுத்தடிக்கிறார்கள், அது இன்னும் நிற்கிறது. புகார் கொடுக்க இரண்டு வருடம் வரை நேரம் இருப்பதால் விடுவதாக இல்லை. ஆனால் கையெழுத்துப் போட பயந்து ஒதுங்கியவர்களுக்கு ஒரு ரூபாயும் திரும்பவில்லை. "பேர் கெட்டுடும், சீனியர் பகை வேண்டாம்" என்றார்கள். எந்த சீனியர் என்றுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

கடைப் பெயரைப் போடச் சொல்லி இன்பாக்ஸில் கேட்காதீர்கள். விவகாரம் நடந்துகொண்டிருக்கிறது, அவதூறுக்கு பிஎன்எஸ்-இல் பிரிவு 356 இருக்கிறது, அதை அவருக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு உண்மையான வக்கீல் கிடைக்காமலா போவார். அதோடு இதே வேலையை வேறு ஊர்களிலும் வேறு பெயர்களில் செய்கிறார்கள் என்று பிற கல்லூரி நண்பர்கள் சொல்கிறார்கள்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வகுப்பு தொடங்கி ஆசிரியர் எந்தப் புத்தகம் என்று சொன்ன பிறகு, ஒவ்வொன்றாக, பில்லோடு வாங்குங்கள். லைப்ரரி கார்டை முதல் நாளே போட்டுவிடுங்கள். பழைய புத்தகம் வாங்குவதில் தப்பே இல்லை, ஒப்பந்தச் சட்டத்துக்கு நான் இப்போதும் சீனியர் விட்டுப்போன கிழிந்த புத்தகத்தைத்தான் படிக்கிறேன், அருமையாக இருக்கிறது. குற்றவியல் புத்தகம் என்றால் மட்டும் அட்டையைப் பார்க்காமல் கடைசிப் பிரிவைப் பாருங்கள். பிஎன்எஸ் 358-இல் முடியும். 511 வரை ஓடினால் கீழே வைத்துவிடுங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 531-இலும் புதிய சாட்சியச் சட்டம் 170-இலும் முடிய வேண்டும், ஆனால் அவை எந்த வருடம் உங்களுக்கு வருகின்றன என்று சிலபஸைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இந்த வருட அட்மிஷனுக்குப் புது குரூப் ஒன்று ஆரம்பித்துவிட்டார்கள், என் ஊர்த் தம்பி ஒருவன் நேற்று அனுப்பினான். விலை இப்போது 5,900. ‘பழைய, புதிய சட்டம் இரண்டும் உண்டு’ என்று வாசகத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். கவுன் அப்படியே இருக்கிறது.