சைவம் என்று சொல்லி மீன் சோஸ் ஊற்றிய தாய்லாந்து உணவகம்: 58,410 ரூபா போச்சு

யாழ்ப்பாணத்தில் தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடையில் குடும்ப ஒன்றுகூடலுக்குக் காசு கட்ட நினைத்திருப்பவர்கள், கட்டமுன் இதை ஒருக்கால் வாசியுங்கள். கடையின் பெயர் போடமாட்டேன். போட்டால் நாளைக்கே சட்டத்தரணியின் கடிதத்தோடு வந்து நிற்கக்கூடிய ஆட்கள். நகரத்துக்குள், மேல்மாடியோடு இருக்கிற கடை என்று மட்டும் சொல்கிறேன். போன காசு 58,410 ரூபா. காசு போனதைக்கூட ஒரு பக்கம் வைக்கலாம். தீட்சை கேட்ட என் சின்னம்மாவுக்கு மீன் சாறு ஊற்றிக் கொடுத்தார்களே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

எரிச்சல் என்னவென்றால், இது முன்பு நல்ல கடை. வேலை முடிந்து வரும்போது நானும் இவரும் அடிக்கடி போயிருக்கிறோம். அப்போது குசினியில் நின்றவர் தாய்லாந்தில் வேலை செய்துவிட்டு வந்தவர். அவருடைய தொம் யாம் சூப் மேசைக்கு வரமுன்னமே வாசம் வந்துவிடும். பேரரத்தை வட்டமாக வெட்டிக் கிடக்கும், எலுமிச்சைப்புல் தண்டு நசுக்கிக் கிடக்கும், அந்த இரட்டை இலை மாதிரியான எலுமிச்சை இலையைக் கிழித்துப் போட்டிருப்பார். அதெல்லாம் வாசத்துக்கு, கடித்துச் சாப்பிடுவதற்கு இல்லை என்று அவரே வந்து சொல்லித் தந்தார். தேசிக்காய்ப் புளியை அடுப்பால் இறக்கிய பிறகுதான் விடுவார், கொதிக்கவிட்டால் கைக்குமாம். தலையோடு போட்ட இறால் அன்றைக்குப் பிடித்தது. ஒடியல் கூழ் குடித்து வளர்ந்த எங்களுக்கு அந்தப் புளிப்பும் உறைப்பும் அந்நியமாகவே தெரியவில்லை. பச்சைப் பப்பாசியைச் சீவி உரலில் இடித்துத் தருகிற சம்பலும் அப்படித்தான், நிலக்கடலையும் மிளகாயும் பல்லில் படும். நானே எத்தனை பேருக்கு இந்தக் கடையைச் சொல்லி அனுப்பியிருப்பேன்!

நல்லூர்த் திருவிழா முடிந்து, கனடாவில் இருந்து வந்த அத்தான் குடும்பம் திரும்பிப் போகமுன் எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிடவேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டா. கொடியேறிய நாளில் இருந்து 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை, பிள்ளைகள் இறாலுக்கும் நண்டுக்கும் ஏங்கிப்போய் இருந்தார்கள். மொத்தம் 18 பேர். அதில் அம்மா, சின்னம்மாவோடு சேர்த்து ஏழு பேர் சைவம். நேரே போய் முகாமையாளரோடு கதைத்தேன். புது ஆள், நல்ல மரியாதை. நான் வாயைத் திறக்கமுன் அவரே சொன்னார்: "அக்கா, தாய்லாந்துச் சாப்பாட்டில மீன் சோஸ்தான் உப்பு. கறிக்கு அரைக்கிற கூட்டுக்குள்ளயும் இறால் விழுது இருக்கும். சைவம் எண்டா நாங்கள் வேற சட்டி, வேற கூட்டு, சோயா சோஸ். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

அந்த இடத்தில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. விஷயம் தெரியாதவன் இப்படிக் கதைக்கமாட்டான். நெத்தலியையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கிற சாறுதான் அந்த மீன் சோஸ், பார்த்தால் வெறும் தேத்தண்ணி நிறம், ஊற்றினால் யாருக்கும் தெரியாது. தாய்லாந்திலேயே மீன் சோஸ், முட்டை, உள்ளி ஒன்றும் சேராத 'ஜே' சாப்பாடு இருக்கிறது, கடை வாசலில் மஞ்சள் கொடி கட்டியிருப்பார்கள். ஆகவே செய்யமுடியாத வேலையும் இல்லை. அந்த மனுசன் சீஆர் கொப்பியை எடுத்து, சிவப்புப் பேனையால் "சைவம் 7" என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்தார். அந்த இரண்டு கோடு இப்பவும் கண்ணுக்குள் நிற்கிறது.

தலைக்கு 2,500 ரூபா, எல்லாம் சேர்த்து. "எல்லாம் சேர்த்துத்தானே தம்பி?" என்று கேட்டேன். "ஓம் அக்கா, எல்லாம் சேர்த்து." மேல்மாடி முழுக்க எங்களுக்கு. இறால் பாசையூரில் விடியவே எடுக்கவேண்டும், பேரரத்தையும் அந்த இலையும் கொழும்பில் இருந்து வரவேண்டும், அதனால் முழுக் காசும் முன்னுக்கு என்றார். கடைக் கணக்கில் ஏதோ பிரச்சினையாம், தன் சொந்த வங்கிக் கணக்கு இலக்கத்தைத் தந்தார். 45,000 ரூபா அனுப்பி, துண்டை வட்சப்பில் போட்டேன். கும்பிடுகிற கை ஒன்று பதிலாக வந்தது.

அன்றைக்குப் போனால் மேல்மாடியில் வேறு ஏதோ அலுவலகத்தின் கொண்டாட்டம், பாட்டுச் சத்தம் படியிறங்கி வருகிறது. எங்களைக் கீழே மூன்று மேசையில் பிரித்து இருத்தினார்கள். அம்மா ஒரு மூலை, பேரப்பிள்ளைகள் இன்னொரு மூலை. சாப்பாடு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: சூப் வெறும் புளித்தண்ணி, பச்சைக் கறி ஆறிப்போய் மேலே தேங்காய்ப்பால் திரைந்து கிடந்தது, இறால் ஆளுக்கு இரண்டு. பழைய சமையல்காரர் போய்விட்டாராம். காசு வாங்கும்போது இதை ஒருவரும் சொல்லவில்லை.

சின்னம்மா மட்டும் பாவம், முகம் சுளிக்காமல் அரைக் கோப்பை நூடில்ஸ் சாப்பிட்டு, "நல்லா இருக்குப் பிள்ளை, உப்பு மட்டும் கொஞ்சம் கூடப்போல" என்றா. நான் கை கழுவப் போனேன். குசினிக் கதவு திறந்து கிடந்தது. ஒரு பெடியன் இறால் சட்டிக்குள் ஒரு போத்தலைச் சரித்தான். பிறகு அதே போத்தலை, அதே கையோடு, பக்கத்தில் தோஃபு வதங்கிய சட்டிக்குள்ளும் சரித்தான். போத்தலில் மீன் படம். "தம்பி, அது சைவத்துக்கெல்லோ?" என்றேன். அவன் ஒளிக்கவே இல்லை. "எல்லாத்துக்கும் இதுதான் அக்கா போடுறது." அந்தப் பெடியனில் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்கு ஒருவரும் சொல்லவே இல்லை. கொப்பியில் இழுத்த கோடு கொப்பியோடு நின்றுவிட்டது.

முகாமையாளரைக் கூப்பிட்டால், "இல்லை அக்கா, உள்ளுக்க சோயா சோஸ்தான், போத்தல் மட்டும் பழசு" என்கிறார்! சின்னம்மா கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு ஒன்றும் கதைக்கவில்லை. வீடு போய் இரவோடு இரவாகத் தலை முழுகினா.

இதோடு முடியவில்லை. காசு கட்டி முடிந்ததென்று எழும்பினால், துண்டு வருகிறது. 45,000க்கு மேல் 10% சேவைக் கட்டணம் 4,500. அதையும் கூட்டி, மொத்தத்துக்கு வற் 18%, அது 8,910. ஆக மொத்தம் 58,410 ரூபா. எல்லாம் சேர்த்து என்றீர்களே என்றால், "அது சாப்பாட்டு விலை அக்கா, வரி அரசாங்கத்துக்கு." அப்படியென்றால் வற் பதிவு இலக்கம் எங்கே? துண்டில் இல்லை. பதியாத கடை வற் வாங்கவே முடியாது. இலக்கம் போட்ட பற்றுச்சீட்டுத் தாருங்கள் என்றேன், மெஷின் பழுது என்றார்கள். வயதானவர்கள் நிற்கிறார்கள், பிள்ளைகள் நித்திரை தூங்கி விழுகிறார்கள், பக்கத்து மேசைக்காரர் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். மிச்சம் 13,410 ரூபாவையும் எண்ணி வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

பிறகு தொடங்கியது அலைச்சல். முதலாளி கொழும்பில். திங்கட்கிழமை எடுங்கோ. திங்கள் எடுத்தால் கணக்குப் பார்க்கிறவர் லீவு. நேரே போனால் முகாமையாளர் "இப்பதான் வெளிய போனவர்", அவருடைய மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கிறது. கடைசியில் முதலாளி என்று ஒருவர் தொலைபேசியில் வந்தார். "காசு எங்கட கணக்குக்கு வரேல்லையே, நீங்கள் அவரோடதான் கதைக்கவேணும்." முகாமையாளரோ, "அக்கா, எல்லாரும் சாப்பிட்டனீங்கள்தானே? அடுத்தமுறை வாங்கோ, தேங்காய்ப்பால் ஐஸ்கிரீம் இலவசமாத் தாறம்" என்றார். நல்லூரடியில் இருக்கிறவளுக்கு ஐஸ்கிரீமுக்கா பஞ்சம்? வட்சப்பில் இரண்டு நீலச் சரி விழுகிறது, பதில் இல்லை. நேற்றில் இருந்து அவருடைய படமும் தெரியவில்லை, என்னைத் தடுத்து வைத்திருக்கிறார். 58,410 ரூபா, ஒரு சதம் திரும்பி வரவில்லை.

என்னென்ன கவனிக்கவேண்டும் என்று விபரமாக எழுதத்தான் இருந்தேன், கை நடுங்குகிறது, வருவதை எழுதுகிறேன். ஆளின் சொந்தக் கணக்குக்குக் காசு போடவேண்டாம். முழுக் காசு முன்னுக்குக் கேட்டால் வேறு கடை பாருங்கள். "எல்லாம் சேர்த்து" என்பதைச் சேவைக் கட்டணம், வற் என்று பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள். வற் கேட்டால் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். சைவம் என்றால் குசினிக்குள் போய்ப் போத்தலைப் பாருங்கள், வெட்கப்படவேண்டாம். நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977. நான் முறைப்பாடு கொடுத்துவிட்டேன், துண்டு, வட்சப் செய்தி எல்லாம் படியெடுத்து வைத்திருக்கிறேன். இதே கடையில், இதே ஆளுக்கு, சொந்தக் கணக்கில் காசு போட்டவர்கள் வேறு யாரும் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சேர்ந்தே போவோம்.