திறந்த அறுவையா, லேப்ராஸ்கோபியா: கைக்குழந்தையின் சிறுநீரக அடைப்புக்கு எது?

கருவிலேயே ஸ்கேனில் தெரியும் சிறுநீரக வீக்கங்களில் பெரும்பாலானவை அறுவை சிகிச்சையின்றியே குறைந்துவிடுகின்றன. எங்கள் மகனுக்கோ, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்க்குழாய் தொடங்கும் இடத்திலிருந்த பிறவி அடைப்பால், இரு சிறுநீரகங்களின் மொத்த வேலையில் இடது சிறுநீரகத்தின் பங்கு, அந்த வேலையை அளக்கும் ஐசோடோப் ஸ்கேனில் 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கியிருந்தது. அடைப்பைச் சரிசெய்யும் அறுவையான பைலோபிளாஸ்டி உறுதியான பிறகு, அதைத் திறந்த முறையில் செய்வதா, சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் செலுத்தும் லேப்ராஸ்கோபியில் செய்வதா என்பதே கேள்வியாயிற்று. நாங்கள் திறந்த முறையைத் தேர்ந்தெடுத்தோம்.

உள்ளே நடப்பது இரண்டிலும் ஒன்றுதான்: ஆண்டர்சனும் ஹைன்ஸும் 1949இல் விவரித்த முறைப்படி, குறுகிய பகுதியை வெட்டி நீக்கிவிட்டு நல்ல முனைகளை இணைத்துத் தைக்கிறார்கள். வெற்றி விகிதமும் இரண்டிலும் 90 சதவீதத்துக்கு மேல். தழும்பைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கைக்குழந்தைக்குத் திறந்த முறையிலும் சில சென்டிமீட்டர் கீறலே போதும். அந்தச் சிறிய வயிற்றுக்குள் கருவிகளைக் கொண்டு தைப்பதற்குப் பொதுவாகக் கூடுதல் நேரமாகும் என்பது லேப்ராஸ்கோபியின் குறை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஸ்டென்ட். தையல் ஆறும்வரை சிறுநீர் தடையின்றி இறங்க வைக்கப்படும் இந்த மெல்லிய குழாய், இரு முனையும் சுருண்ட டிஜே (டபுள் ஜே) வகையாக இருந்தால் முழுவதும் உடலுக்குள்ளேயே சில வாரங்கள் இருக்கும்; பெரியவர்களுக்கு மரத்துப்போகும் ஜெல் தடவி எடுத்துவிடும் அதைக் குழந்தைக்கு எடுக்க, வழக்கமாக மறுபடியும் முழு மயக்கம் கொடுத்துச் சிஸ்டோஸ்கோபி (சிறுநீர்த் துளை வழியாகக் கேமராக் குழாயைச் செலுத்துவது) செய்ய வேண்டும். குறித்த காலத்தில் எடுக்காமல் விட்டால் அதன்மேல் உப்புப் படிந்து கல்லாகவும் கூடும். விலா ஓரத்தில் தோல் வழியாக வெளியே வரும் ஸ்டென்ட்டையோ, காயம் ஆறியதும் மயக்க மருந்தின்றி வார்டிலேயே உருவிவிடுகிறார்கள். அதுவரை குழந்தை அதைப் பிடித்து இழுக்காமலும், டயப்பர் மாற்றும்போது சிக்காமலும் பார்த்துக்கொள்வது பெற்றோரின் தூக்கத்தைக் கெடுக்கும் வேலைதான். இரண்டாவது மயக்கத்தோடு ஒப்பிட்டபோது அது எங்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

எங்கள் மருத்துவர் திறந்த முறையில் வெளி ஸ்டென்ட்டும், லேப்ராஸ்கோபியில் டிஜேயும் வைப்பவர். இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. லேப்ராஸ்கோபியிலும் வெளி ஸ்டென்ட் வைப்பவர்கள் உண்டு. ஆகவே, எந்த முறை என்பதோடு, எந்தக் குழாய், அதை எப்படி எடுப்பீர்கள் என்றும் கேட்டுவிடுவது நல்லது.

வளர்ந்த பிள்ளைகளைப் பொறுத்தவரை என் சாய்வு அவ்வளவு உறுதியானதல்ல. திறந்த முறையில் அவர்களுக்குக் கீறலும் வலியும் கூடும் என்பதால் லேப்ராஸ்கோபிக்கோ ரோபோ முறைக்கோ நியாயம் அதிகம். அதில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை.

பின்தொடர் பரிசோதனைகளில் பெரிய வேறுபாடு இல்லை. எந்த முறையானாலும் வீக்கம் அல்ட்ராசவுண்டில் பல மாதங்கள் தெரியலாம். அது கூடுகிறதா, சில மாதங்கள் கழித்து எடுக்கும் ஐசோடோப் ஸ்கேனில் சிறுநீர் தங்காமல் வடிகிறதா என்பதையே மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.