கில்ட் வார்ஸ் 2-க்குத் திரும்பலாமா? நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஆடிப் பார்த்த அனுபவம்

பழைய கூட்டாளிகளில் யாராவது, பலர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் கேமான கில்ட் வார்ஸ் 2 பற்றிப் பேச்செடுத்தால் முதலில் கேட்பது இதுதான்: "இன்னும் அங்க ஆள் இருக்காங்களா மச்சான்?" இருக்கிறார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் திரும்பிப் போவதா வேண்டாமா என்பதை அந்த ஒரு பதிலை வைத்து முடிவு செய்ய முடியாது. அங்கே நீங்கள் விட்டுவந்ததில் எதைத் தேடிப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. அந்த உலகத்தைத் தேடிப் போனால் கிடைக்கும். அன்று கூட ஆடியவர்களைத் தேடிப் போனால் பெரும்பாலும் கிடைக்காது.

நான் ஆட ஆரம்பித்தது 2013-ல். கேம் வெளியானது 2012 ஆகஸ்ட் 28. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் மாதிரியான பெரிய கேம்களுக்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டியிருந்த காலம் அது. சொந்தமாக ஒரு கார்டுகூட இல்லாத மாணவனுக்கு, ஒரு முறை காசு கொடுத்தால் போதும் என்பது பெரிய விஷயம். 2015-ல் வந்த ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ், 2017-ல் வந்த பாத் ஆஃப் ஃபயர் என்ற இரண்டு எக்ஸ்பான்ஷன்களையும் (புதுக் கதையும் மேப்களும் சேர்க்கும் கூடுதல் தொகுப்புகள்) விடாமல் ஆடினேன். அதன் பிறகு வேலை, இடமாற்றம், வீடு என்று மெல்ல விட்டுப் போயிற்று. 2024-ல் ஜாந்திர் வைல்ட்ஸ் என்ற எக்ஸ்பான்ஷன் வந்த சமயத்தில் மறுபடி இறக்கி ஆட ஆரம்பித்தேன். இப்போதும் ஆடிக்கொண்டிருக்கிறேன். ஆகவே இது ஒரு வார உற்சாகத்தில் எழுதுவது அல்ல.

இந்த கேமுக்குத் திரும்புபவர்களுக்குக் கிடைக்கும் முதல் நிம்மதி, நாம் விட்ட இடத்திலேயே எல்லாம் இருப்பது. அதிகபட்ச லெவல் 2012-லும் 80, இப்போதும் 80. 2012 நவம்பரில் ஆயுதங்களிலும் கவசங்களிலும் அசென்டட் என்ற தரத்தைக் கொண்டுவந்தார்கள். அதைவிட வலுவான கியர் இன்றுவரை வரவில்லை. லெஜண்டரி என்று ஒன்று உண்டு, ஆனால் அதன் எண்களும் அசென்டடுக்குச் சமம்தான். வேண்டியபோது தன்மையை மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் சிறப்பு. இந்த வகை கேம்கள் பலவற்றில் ஒரு வருடம் விலகியிருந்தாலே நம் கவசம் பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியதாகிவிடும். இங்கே 2016-ல் பொருள் பொருளாகச் சேர்த்துச் செய்த என் நெக்ரோமேன்சர் கேரக்டரின் கிரேட்ஸ்வோர்டு என்ற பெரிய வாள், வருடக்கணக்கில் கேட்பாரற்றுக் கிடந்த பிறகும், முதல் நாளே புது மேப்பில் யாருக்கும் சளைக்காமல் அடித்தது. செலவழித்த உழைப்பைக் கேம் மதிக்கிறது என்ற நம்பிக்கை அங்கேயே வந்துவிட்டது. ஒவ்வொரு கேரக்டராகத் திறக்கும்போது, நாம் இல்லாத வருடங்களின் பிறந்தநாள் பரிசுகளும் அஞ்சலில் வரிசையாக வந்து விழும். சின்ன விஷயம்தான், ஆனாலும் மனதுக்கு இதமாக இருந்தது.

அதே முதல் நாளில் தலைசுற்றலும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பை நிறைய என்னவென்றே நினைவில்லாத சாமான்கள். ஸ்கில்களில் பாதி வேறு மாதிரி வேலை செய்கின்றன. கவசப் பக்கத்தில் ரெலிக் என்று ஒரு காலி இடம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட்டில், கவசத்தில் பதிக்கும் ரூன்களின் ஆறாவது பலனை எடுத்துவிட்டு அதைத் தனிப் பொருளாக்கினார்கள், அதற்கான இடம் அது. கேமுக்குள் இருக்கும் சந்தையான டிரேடிங் போஸ்ட்டில் முதலில் ஏதோ ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டால் போதும், ஆராய்ச்சி எல்லாம் பிறகு. பைகளையும் முதல் நாளே பிரித்து அடுக்க உட்காராதீர்கள். திரும்பி வந்த பலர் அந்த வேலையிலேயே சலித்துப்போய் விண்டோவை மூடிவிடுகிறார்கள். அதற்குப் பதில் குவீன்ஸ்டேல் மாதிரி ஆரம்ப மேப் ஒன்றுக்குப் போய் நடந்து பாருங்கள். 80-ல் இருந்தாலும் அந்த மேப்பின் அளவுக்கு கேம் உங்களைக் குறைத்துவிடும் என்பதால் சண்டைகள் சண்டைகளாகவே இருக்கும். உருண்டு விலகுவது, கீழே விழுந்தவரைத் தூக்கிவிடுவது எல்லாம் ஒரு மாலைக்குள் விரலுக்குத் திரும்பிவிடும். சதுப்பு நிலத்தில் ஷேடோ பெஹிமத் என்ற ராட்சத எதிரி எழும் நேரத்துக்கு அங்கே போய் நின்றால், முதல் கேள்விக்கான பதிலும் கண்ணெதிரே கிடைக்கும். 2014-ல் கொண்டுவந்த மெகாசர்வர் முறை ஆட்களை வேர்ல்டுகள் எனப்படும் தனித்தனி சர்வர்களில் சிதறவிடாமல் ஒரே மேப்புக்குள் கூட்டுகிறது. மொத்த எண்ணிக்கை முன்பைவிடக் குறைந்திருந்தாலும் நம் கண்ணுக்குக் கூட்டம் தெரிவதற்கு அதுவே காரணம்.

எனக்கு முடிவைச் சொன்ன இடம் ஆரிக் பேசின். ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் காட்டின் இரண்டாவது மேப். நடுவில் டாரிர் என்ற பொன்னிற நகரம். அதை நான்கு திசைகளிலும் ஆக்டோவைன் என்ற ராட்சதக் கொடிகள் முற்றுகையிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இது நடக்கும். நான்கையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வீழ்த்த வேண்டும். ஒரு பக்கம் முந்திக்கொண்டு முடித்துவிட்டு, மற்ற மூன்றும் பின்தங்கினால், செத்த கொடி மறுபடி முளைத்துவிடும். ஒவ்வொரு திசைக்கும் தனித் தந்திரம் வேறு. அதனால் வடக்கே இருப்பவர் சாட்டில் தங்கள் கொடிக்கு எத்தனை சதவீதம் உயிர் மிச்சம் என்று அறிவிப்பார். தெற்கு, "நாங்க இன்னும் பாதியிலதான் இருக்கோம், கொஞ்சம் பொறுங்க" என்று கெஞ்சும். தலைமை ஏற்பவர் என்று காட்டும் கமாண்டர் குறி போட்ட யாரோ ஒருவர் எல்லோரையும் நிறுத்திவைத்து, நேரம் பார்த்து "அடிங்க" என்பார். ஒருவரையொருவர் துளியும் அறியாதவர்கள் நான்கு மூலைகளில் நின்று, ஒரே மூச்சில் முடிப்பார்கள். பிறகு நகரத்துக்கு அடியில் கதவு திறக்கும், எல்லோரும் பெட்டிகளை நோக்கி ஓடுவார்கள்.

பத்து வருடத்துக்கும் மேல் பழைய நிகழ்ச்சி இது. நான் திரும்பி வந்த வாரத்தில் ஒரு சனிக்கிழமை போனபோது மேப் நிரம்பி, அதே மேப்பின் அடுத்த பிரதிக்குத் தள்ளப்பட்டேன். அங்கும் நான்கு பக்கமும் ஆள் இருந்தார்கள். தெற்கே எங்கே நிற்பது என்று புரியாமல் திணறிய ஒரு புதியவருக்கு, அடித்துக்கொண்டே இரண்டு பேர் விளக்கம் சொன்னார்கள். இந்த கேமின் அடிப்படை விதிகளே மனிதர்களை இப்படி ஆக்குகின்றன என்பது என் திடமான எண்ணம். ஒரு எதிரியைப் பத்துப் பேர் அடித்தாலும் பத்துப் பேருக்கும் தனித்தனிப் பரிசு. நான் வெட்டிய மரத்தை நீங்களும் வெட்டலாம். கீழே கிடப்பவர் எந்தக் குழுவாக இருந்தாலும் தூக்கிவிடலாம். இன்னொருவர் வருவதால் எனக்குக் குறைவது எதுவும் இல்லை என்பதால், அவர் வந்தால் சந்தோஷம்தான் வருகிறது. 2012-லேயே இதை யோசித்து வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை இருக்கிறது.

ஆனால் என் கில்டு, அதாவது நாங்கள் சேர்ந்து ஆடிய குழு, இல்லை. பெயர் இருக்கிறது, கில்டட் ஹாலோ என்ற கில்டு ஹால் இருக்கிறது. அதைக் கட்ட ஆளுக்கொரு பக்கம் மரமும் தாதுவும் சேர்த்த ராத்திரிகள் எனக்கு நன்றாக நினைவில் இருக்கின்றன. ஒரு பக்கம் ஹெட்போனில் தமிழில் அரட்டை, மறுபக்கம் மேப் சாட்டில் தட்டுத்தடுமாறி ஆங்கிலம். இப்போது உறுப்பினர் பட்டியலைத் திறந்தால் எல்லாப் பெயர்களும் சாம்பல் நிறம். ஒருவர் வெளிநாட்டில், ஒருவருக்கு இரண்டு குழந்தைகள், ஒருவர் கம்ப்யூட்டரையே விற்றுவிட்டார். எல்லோரையும் கூப்பிட்டுப் பார்த்தேன். இருவர் ஒரு வாரம் வந்தார்கள், பழைய இடங்களைச் சுற்றிப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். அதில் வருத்தம் இருக்கிறது. கேமை மறுபடி இறக்கும்போது மனதுக்குள் ஓடுவது அந்த ராத்திரிகள்தான் என்றால், அவை சர்வரில் சேமிக்கப்படவில்லை என்று தெரிந்தே போங்கள்.

புதிதாக ஒரு கில்டில் சேரலாம், ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில் இருக்கவும் முடியும். நம் ஊரிலிருந்து ஆடுபவர்களுக்கு அதில் உள்ள சிக்கல் கடிகாரம். ஐரோப்பாவில் ராத்திரி எட்டு மணிக்கு ரெய்டு (குழுவாகச் சேர்ந்து பெரிய எதிரிகளை வீழ்த்தும் ஆட்டம்) என்றால் இங்கே கோடையில் பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. காலையில் வேலைக்குப் போகிறவருக்கு ஒத்துவராது. நான் தேடிப் பிடித்தது கிழக்கு ஐரோப்பாவில் சீக்கிரம் ஆடி முடிக்கும் ஒரு சின்னக் கில்டு. அவர்களுக்கு அது சாயங்காலம், எனக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். பிங், அதாவது சர்வருக்கும் நமக்கும் இடையிலான தாமதம், பற்றியும் கேட்பீர்கள். பக்கத்தில் ஆசிய சர்வர் இல்லாததால் தாமதம் எப்போதும் உண்டு. திறந்த உலகச் சண்டைகளில் அது பழகிவிடும், ஆளுக்கு ஆள் மோதும் பிவிபியில் பழகாது. அதனால் பிவிபிக்காக மட்டும் திரும்ப நினைப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே கூட்டமும் குறைவு. மூன்று அணிகள் கோட்டைகளுக்காக மோதும் வேர்ல்டு வெர்சஸ் வேர்ல்டில் 2024 முதல் கில்டுகளை அடிப்படையாக வைத்து அணி பிரிக்கிறார்கள். பழைய வேர்ல்டு பாசம் போய்விட்டது என்று ஒரு தரப்பு இன்னும் புலம்புகிறது. எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு கிடையாது.

நான் இல்லாத காலத்தில் வந்த நல்ல மாற்றங்களில் எனக்கு மிகப் பிடித்தது 2021-ல் வந்த லெஜண்டரி ஆர்மரி. ஒரு லெஜண்டரிப் பொருள் இருந்தால் அக்கவுண்டில் உள்ள எல்லாக் கேரக்டர்களும் அதைப் பயன்படுத்தலாம். பல கேரக்டர் வைத்திருக்கும் பழையவர்களுக்கு இது வரம். பழைய தினசரி வேலைகளின் இடத்தில் விஸார்ட்ஸ் வால்ட் வந்திருக்கிறது. அதில் கிடைக்கும் நாணயத்தைச் சேர்த்து, லெஜண்டரி ஆயுதம் செய்வதற்கான ஆரம்பப் பொருட்களையே வாங்க முடிகிறது. தினமும் அரை மணி நேரம் ஆடுபவருக்கும் ஒரு நீண்ட இலக்கு கைக்கெட்டுகிறது.

ஸ்கைஸ்கேல் விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டு மனசு. 2019-ல் அந்தப் பறக்கும் மவுண்டை (ஏறிச் செல்லும் விலங்கை) அடைய, முட்டையிலிருந்து குஞ்சைக் காப்பாற்றி, இரை ஊட்டி, விளையாட்டுக் காட்டி, நாள் கணக்கில் காத்திருந்து வளர்க்க வேண்டியிருந்தது. அதன்மேல் ஏறிய முதல் பறப்பு இன்னும் மறக்கவில்லை. இப்போது சீக்ரெட்ஸ் ஆஃப் தி அப்ஸ்க்யூர் எக்ஸ்பான்ஷனை வாங்கினால் கதையின் தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. புதியவர்களுக்கு அது நியாயம்தான். ஆனால் கிளைடரை வைத்து ஏறி இறங்கி வழி கண்டுபிடிக்கக் கட்டிய காடுகளை இன்று எல்லோரும் தலைக்கு மேலே பறந்து கடந்துவிடுகிறார்கள். டாங்கிள்ட் டெப்த்ஸ் மேப்பை ஒரு முறையாவது மவுண்ட் இல்லாமல் சுற்றிப் பாருங்கள். தொலைந்துபோவீர்கள், கோபம் வரும். அந்தக் குகைகளின் அழகு அப்போதுதான் தெரியும்.

சரி, காசு. அடிப்படை கேம் 2015 முதல் இலவசம், பழைய அக்கவுண்ட் அப்படியே வேலை செய்யும். திரும்பிப் பார்க்க ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை, அதனால் முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள். கவனிக்க வேண்டியது, எக்ஸ்பான்ஷன்களுக்கு இடையே கதையைத் தொடரும் லிவிங் வேர்ல்டு அத்தியாயங்கள். அவை வெளியான நாட்களில் லாகின் செய்திருந்தால் இலவசம், இல்லாவிட்டால் ஜெம் என்ற கேம் கடை நாணயத்தைக் கொடுத்து வாங்க வேண்டும். நீங்கள் விலகியிருந்த காலம் கதையில் அப்படியே ஓட்டையாக இருக்கும். ஜெம்மை கேமுக்குள் சம்பாதித்த தங்கத்தாலும் வாங்கலாம், ஆனால் அந்தத் தங்க விலை ஆரம்ப வருடங்களோடு ஒப்பிட்டால் எங்கோ போய்விட்டது. கதைக்காகத் திரும்புகிறீர்கள் என்றால் எண்ட் ஆஃப் டிராகன்ஸ் வரை வாங்குங்கள். 2012-ல் தொடங்கிய பண்டைய டிராகன்களின் கதை 2022-ல் வந்த அந்த எக்ஸ்பான்ஷனில் முடிவுக்கு வருகிறது. அங்கே நிறுத்திக்கொண்டாலும் ஒரு முழுக் கதையைப் பார்த்து முடித்த நிறைவு இருக்கும். 2023 முதல் வருடத்துக்கு ஒன்று என்று சின்ன எக்ஸ்பான்ஷன்களாக வருகின்றன. மேப்கள் அழகு, ஜாந்திர் வைல்ட்ஸில் நமக்கென்று ஒரு வீட்டு நிலமும் உண்டு. கதையின் கனம் மட்டும் முன்பு போல இல்லை என்பது என் கருத்து.

இவ்வளவு நேரம் போட்ட பிறகு நாளை சர்வரை மூடிவிட்டால்? நியாயமான பயம். 2019 பிப்ரவரியில் இந்த கேமை உருவாக்கிய அரீனாநெட் நிறுவனத்தில் நூறு பேருக்கு மேல் வேலை இழந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். அதன் பிறகு நான்கு எக்ஸ்பான்ஷன்கள் வந்துவிட்டன. அதைவிடப் பெரிய ஆதாரம், 2005 ஏப்ரலில் வெளியான முதல் கில்ட் வார்ஸ். இருபது வருடம் தாண்டியும் அதன் சர்வர்கள் ஓடுகின்றன. ஆட்கள் இன்னும் அதற்குள் போய் வருகிறார்கள். அடுத்த தலைமுறை கேம் ஒன்று வந்தாலும் முந்தையதை உடனே இழுத்து மூடும் பழக்கம் இவர்களிடம் இல்லை என்பது எனக்குப் போதுமான தைரியம்.

என் இப்போதைய பழக்கம் இது: வார நாட்களில் விஸார்ட்ஸ் வால்ட் வேலைகள் மட்டும், சனிக்கிழமை கில்டோடு ஒரு ரெய்டு, நேரம் அமைந்தால் ஆரிக் பேசின். ஏதாவது ஒரு வாரம் போகாவிட்டாலும் எதுவும் பின்தங்குவதில்லை. திரும்ப நினைப்பவர்கள் கேமை இறக்கிவிட்டு, பழைய கேரக்டரை எடுத்துக்கொண்டு, டாரிர் நிகழ்ச்சிக்குப் பத்து நிமிடம் முன்னால் மேப்பில் இருங்கள். கிழக்கு வாசலுக்குத்தான் பெரும்பாலும் ஆள் குறையும், அங்கே போய் நில்லுங்கள்.