ட்ரிகர் வேலைக்குப் பிஸ்டலைக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

சொந்தமாகத் தோட்டா ரீலோட் செய்து (சுட்ட தோட்டாவின் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் வைத்து) சுடுபவர்கள் இதைப் படித்துவிடுங்கள். இங்கே டெக்சாஸில் ஒரு கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) என்னிடம் பணத்தையும் வாங்கிக்கொண்டு, பழியையும் என் தோட்டாக்கள் மீது போட்டுவிட்டார்.

என் சிஇசட் 75 பிஸ்டலின் ட்ரிகரை இலகுவாக்கக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்தபோது ட்ரிகர் அருமையாகத்தான் இருந்தது. ஆனால் ரேஞ்சில் அடிக்கடி 'டிக்' என்ற சத்தம் மட்டுமே. எடுத்துப் பார்த்தால் பிரைமரில் (தோட்டாவின் அடியில் இருக்கும், அடிபட்டதும் தீப்பற்றும் சிறு மூடி) மேலோட்டமான ஒரு பள்ளம். "வீட்டில் செய்த தோட்டா இப்படித்தான்" என்றார். பிறகு பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின்னின் துளையைச் சுத்தம் செய்ய ஒரு கட்டணம், பின்னை மாற்ற இன்னொரு கட்டணம். கோளாறு அப்படியே இருந்தது.

அவர் சொன்ன காரணம் நடக்கக்கூடியதுதான். பிரைமர் குழியின் அடிவரை இறங்காமல் நின்றால், முதல் அடியின் வேகம் அதைக் கீழே தள்ளுவதிலேயே தீர்ந்துவிடும். இரண்டாவது அடியில்தான் வெடிக்கும். குழியில் கரி படிந்திருந்தாலும் இதே கதை. அதனால் முதலில் என் தோட்டாக்களைத்தான் சோதித்தேன். பிரைமர், கேஸின் (தோட்டாக் கூட்டின்) அடிப்பரப்பை விட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்கு உள்ளே இருக்க வேண்டும். எல்லாமே அந்த அளவுக்குள் இருந்தன. பிறகு கடையில் வாங்கிய தோட்டாக்களைப் போட்டேன். அவற்றிலும் சில வெடிக்கவில்லை, அதுவும் பெரும்பாலும் டபுள் ஆக்‌ஷனில், அதாவது ட்ரிகரை இழுத்தே ஹேமரையும் பின்னால் கொண்டுபோய்ச் சுடும்போது. அதில் ஃபயரிங் பின்னை அடிக்கும் அந்த ஹேமர் முழுதாகப் பின்னால் போகாமலே விடுபடுவதால் அடி இன்னும் பலவீனமாக விழும்.

பிரித்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. ஹேமர் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு பலம் குறைந்த ஒன்றைப் போட்டிருக்கிறார். ட்ரிகர் இலகுவானதன் ரகசியம் பெரும்பாலும் அதுதான். கம்பெனி பலமுள்ள ஸ்பிரிங் வாங்கிப் போட்டதும், அதே தொகுதியில் மீதியிருந்த என் தோட்டாக்கள் ஒன்று விடாமல் வெடித்தன.

போய்க் கேட்டேன். "ஃபெடரல் பிரைமர் போட்டால் வெடிக்குமே" என்றார். அது மென்மையான பிரைமர், வெடித்திருக்கும்தான். அப்படியென்றால் விஷயம் தெரிந்தே இரண்டு முறை பணம் வாங்கியிருக்கிறார்! வீட்டுப் பாதுகாப்புக்குப் பிஸ்டல் வைத்திருப்பவரிடம் இதையே செய்திருந்தால் என்ன ஆகும் என்று நினைத்தாலே கோபம் வருகிறது. பணம் திரும்ப வரவில்லை.

ட்ரிகர் வேலைக்குக் கொடுத்தால், எந்தப் பாகத்தை மாற்றினார், புது ஸ்பிரிங் எத்தனை பவுண்டு என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். சிசிஐ போன்ற கடினமான பிரைமர் உள்ள தோட்டாவில் டபுள் ஆக்‌ஷனில் சுட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். சோதிக்கும்போது தோட்டா வெடிக்காவிட்டால் உடனே ஸ்லைடை இழுக்காதீர்கள். தாமதமாக வெடிக்க வாய்ப்புண்டு. குழல் இலக்கை நோக்கியே இருக்க, குறைந்தது 30 விநாடி பொறுங்கள்.