அலியும் உசிக்கும் எங்க வீட்டு ஹால்ல: அன்டிஸ்ப்யூட்டட் கேம் ரிவ்யூ

ரொம்ப நாளா விஷ்லிஸ்ட்ல கிடந்த அன்டிஸ்ப்யூட்டட்ங்கற பாக்ஸிங் வீடியோ கேமை போன மாசம் ஆஃபர்ல போட்டிருந்தாங்க, வாங்கிட்டேன். பிஎஸ்5ல மூணு வாரமா ஆடிட்டு இருக்கேன். கேரியர் மோடு, ஆன்லைன் ரேங்க்கிங் அதெல்லாம் எனக்கு பெருசா இல்ல, நான் வாங்கினதே ஒரே ஒரு ஆசைக்குத்தான், ஒரே காலத்துல ஆடாத ரெண்டு பேர ஒரே ரிங்குல ஏத்தி விட்டு வேடிக்கை பாக்கணும். அதனால இந்த ரிவ்யூவும் அதப் பத்தி மட்டும்தான், கிராஃபிக்ஸ் எப்படி, லோடிங் எவ்ளோ நேரம்னு கேக்கறவங்க வேற யாராவது எழுதினதப் படிச்சுக்கோங்க.

இங்கிலாந்துல ஷெஃபீல்டு ஊர்ல இருக்கிற ஸ்டீல் சிட்டி இன்டராக்டிவ் பண்ண கேம் இது. 2023 ஜனவரில ஸ்டீம்ங்கற ஆன்லைன் கம்ப்யூட்டர் கேம் கடைல பாதி வேலையோட விட்டு, ஆடுறவங்க சொன்னத கேட்டு கேட்டு மாத்தி, 2024 அக்டோபர்ல முழுசா ரிலீஸ் பண்ணாங்க. அதுக்கு முன்னாடி நிஜ பாக்ஸர்ங்கள வச்சு பெரிய அளவுல வந்ததுன்னா 2011ல வந்த ஃபைட் நைட் சாம்பியன்தான். நடுவுல 13 வருஷம் காய்ஞ்சு போய் கிடந்தோம். இதுல 70 பேருக்கு மேல இருக்காங்க. அலி, ஃப்ரேசியர், மார்சியானோ, ரே ராபின்சன்னு பழைய காலத்து ஆளுங்க ஒரு பக்கம், ஃப்யூரி, உசிக், வைல்டர், க்ராஃபோர்ட்னு இந்தக் காலத்து ஆளுங்க இன்னொரு பக்கம்.

எங்க வீட்ல இதுக்கு ஒரு ஜட்ஜ் வேற இருக்காரு. எங்க பெரியப்பா. 1980ல முகமது அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸ் கூட எக்ஸிபிஷன் ஆடினப்ப கூட்டத்துல முண்டியடிச்சு நின்னு பாத்தவரு. அந்த ஒரு மேட்ச வச்சே 45 வருஷமா எல்லா கல்யாண வீட்லயும் பேசிட்டு இருக்காரு. ஞாயித்துக்கிழமை மட்டன் குழம்பு சாப்ட்டுட்டு ஹால்ல சேர இழுத்துப் போட்டு உக்காந்துட்டாருன்னா நானும் என் தம்பியும் ஆடணும், அவரு திட்டணும், அதான் ஏற்பாடு.

முதல்ல போட்டது மார்சியானோ, ஃப்யூரி. நான் மார்சியானோ. அவரு 5 அடி 10 இன்ச், ரீச், அதாவது ரெண்டு கையையும் விரிச்சா வர்ற நீளம், 68 இன்ச் இருக்கும். ஃப்யூரி 6 அடி 9, ரீச் 85. இத நம்பரா படிக்கும்போது ஒண்ணும் தோணாது, ஸ்க்ரீன்ல பக்கத்துல பக்கத்துல நிக்கும்போதுதான் வயித்த கலக்குது. ஃப்யூரி இடது கைய சும்மா நீட்டி வச்சாலே மார்சியானோ நெத்தில தட்டுது, நான் குத்துறது எல்லாம் காத்துக்குத்தான். நாலாவது ரவுண்டுக்குள்ள இடது புருவத்துக்கு மேல கிழிஞ்சு மூஞ்சி பூரா ரத்தம், தம்பி சோபால கால நீட்டிட்டு ஒத்த கட்டைவிரல்ல ஆடிட்டு இருக்கான்.

பெரியப்பாவுக்கு பொறுக்கல. "டேய், அந்தாளு குனிஞ்சு பூந்து போற ஆளுடா, நீ ஏன்டா எலக்ட்ரிக் போஸ்ட் மாதிரி நிக்குற?"ன்னு கத்தினாரு. அவரு சொன்னது சரிதான். மார்சியானோவுக்கு ட்ரெயினர் சார்லி கோல்ட்மேன் கத்துக்குடுத்ததே அதான், குள்ளமா இருக்கியா, இன்னும் குள்ளமாகு, அவன் குனிஞ்சு அடிக்கட்டும். அடுத்த மேட்ச்ல தலைய ஆட்டிக்கிட்டே ஜேபுக்கு, அதான் முன்னாடி இருக்கிற கைய நேரா நீட்டி குத்துற குத்துக்கு, கீழ பூந்து, விலாலயும் வயித்துலயும் மட்டும் அடிச்சேன். தலைய தொடவே இல்ல. ஆறாவது ரவுண்டுல ஃப்யூரியோட ஸ்டாமினா கொட்ட ஆரம்பிச்சுது, கை கீழ இறங்குச்சு, ஒன்பதாவதுல ஒரு ஷார்ட் ரைட், ஆள் கயித்துல சாஞ்சு உக்காந்துட்டான். தம்பி கன்ட்ரோலர கீழ வச்சுட்டு தண்ணி குடிக்க போனவன் பத்து நிமிஷம் திரும்பி வரல. இந்த கேமோட பெரிய ப்ளஸ் இதான், சும்மா பட்டன அமுக்கி ஜெயிக்க முடியாது, அந்த ஆள் எப்படி ஆடினாரோ அப்படி ஆடினாத்தான் அவரு உயிரோட வர்றாரு.

ஆனா ஜெயிச்சுட்டேனே தவிர உள்ளுக்குள்ள ஒத்துக்க முடியல. மார்சியானோ எடை 185, 188 பவுண்டுதான். இன்னிக்கு இருந்தா 200 பவுண்டு லிமிட் இருக்கிற குரூசர்வெயிட்ல ஆடிட்டு இருப்பாரு, அவரு காலத்துல அப்படி ஒரு கிளாஸே கிடையாது. ஃப்யூரி 2024 மே மாசம் ரியாத்ல உசிக் கூட ஆடும்போது 262 பவுண்டு. சின்ன ஆள் பெரிய ஆள அடிக்கவே முடியாதுன்னு இல்ல, அதே ரியாத்ல உசிக் அதத்தான் செஞ்சாரு, ஒன்பதாவது ரவுண்டுல ஃப்யூரிய தள்ளாட விட்டு கவுன்ட் வாங்க வச்சாரு. ஆனா உசிக்கே 223 பவுண்டு, 6 அடி 3. மார்சியானோவுக்கு அதுலயும் 35 பவுண்டு கம்மி.

அப்புறம் அந்த ரவுண்டு மேட்டர். நாங்க 12 ரவுண்டு வச்சு ஆடினோம், இப்ப டைட்டில் ஃபைட்னா அதானே கணக்கு. பெரியப்பா உடனே "அப்ப மார்சியானோவ கூப்டாத, அவரு 15 ரவுண்டு ஆளு"ன்னுட்டாரு. கிழவர் சும்மா பேசுறாருன்னு நெனச்சேன், யோசிச்சு பாத்தா தூக்கிவாரிப் போட்டுச்சு. 1952 செப்டம்பர்ல ஃபிலடெல்ஃபியால ஜெர்சி ஜோ வால்காட் கிட்ட மார்சியானோ டைட்டில் எடுத்தாரு இல்ல, அதுல முதல் ரவுண்டுலயே கீழ விழுந்தாரு, 12 ரவுண்டு முடிஞ்சப்ப மூணு பேர் ஸ்கோர் கார்டுலயும் வால்காட்தான் முன்னாடி. 13வது ரவுண்டுல ஒரே ஒரு ரைட், வால்காட் கயித்துல ஒரு கைய மாட்டிக்கிட்டு அப்படியே சரிஞ்சாரு. இன்னிக்கு ரூல்ல அந்த 13வது ரவுண்டே கிடையாது. அன்னிக்கு அவரு தோத்திருப்பாரு, எல்லாரும் சாமி மாதிரி கும்பிடுற அந்த 49-0வும் (49 ஜெயிப்பு, ஒரு தோல்வி கூட இல்ல) இருந்திருக்காது. 1982ல மான்சினி கூட ஆடின கொரியாக்காரர் கிம் டுக் கூ செத்துப் போனதுக்கு அப்புறம்தான் 15 ரவுண்டு 12 ஆச்சு, அது வேற சோகம், ரவுண்ட குறைச்சது நியாயம்தான். ஆனா பழைய ஆள புது ரூல்ல ஆட விட்டா பாதி மேட்ச் அங்கயே முடிவாயிடுது, கேம்ல ஆளுக்கு ஆள் போடுற ரேட்டிங் நம்பர் என்னவா இருந்தாலும் சரி.

இந்த வேலைய மொதல்ல பண்ணது கேம் கம்பெனிக்காரங்க இல்ல. 1969லயே மயாமில மர்ரி வோரோனர்னு ஒரு ரேடியோ புரொட்யூசர் என்சிஆர் 315 கம்ப்யூட்டர்ல டேட்டா ஏத்தி அலியையும் மார்சியானோவையும் மோத விட்டாரு. அலிக்கு அப்ப லைசென்ஸ் புடுங்கி வச்சிருந்தாங்க, மார்சியானோவுக்கு வயசு 45, ரிட்டயர் ஆகி 13 வருஷம், உடம்ப குறைச்சு தலைல விக் வச்சுக்கிட்டு வந்தாரு. ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் ஒரு நிமிஷமா 70க்கும் மேல ரவுண்டு பொய்க்குத்து குத்தி படம் எடுத்தாங்க, முடிவும் பல விதமா எடுத்து வச்சாங்க, எது வரும்னு அவங்களுக்கே தெரியாது. 1970 ஜனவரில தியேட்டர்ல போட்டப்ப மார்சியானோ நாக் அவுட்ல ஜெயிச்சாரு, எத்தனாவது ரவுண்டுல தெரியுமா, அதே 13! அந்த ஜெயிப்ப பாக்க மார்சியானோ இல்ல, ஷூட்டிங் முடிஞ்ச கொஞ்ச நாள்லயே ப்ளேன் விபத்துல போயிட்டாரு. ஐரோப்பாவுல சில இடத்துல அலி ஜெயிக்கிற முடிவ ஓட்டினாங்களாம். கம்ப்யூட்டரே ஊருக்கு ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கு, எங்க பெரியப்பா எவ்ளவோ தேவல.

ரெண்டாவது வாரம் அலி, உசிக். மூணு வாரத்துல நான் ஆடினதுல டாப் இதான். ரெண்டு பேரும் 6 அடி 3, ரெண்டு பேருக்கும் ரீச் 78 இன்ச், அளவெடுத்து தச்ச மாதிரி. உசிக் இடதுகை ஆட்டக்காரர், அதனால அலியோட ஜேபும் உசிக்கோட வலது கையும் ஒரே கோட்டுல மோதிக்குது. முதல் மூணு ரவுண்டு நான் அலிய வச்சு ஜேப் போட்டா எல்லாமே உசிக் முன்கைல தட்டி விழுது, அதே ஜேப வச்சு ஃப்யூரிய சுத்தி சுத்தி அடிச்சிருந்தேன். அலி நிஜத்துலயே 1966ல ஃப்ராங்க்ஃபர்ட்ல மில்டன்பெர்கர்னு ஒரு ஜெர்மன் இடதுகைக்காரர் கிட்ட திணறி 12வது ரவுண்டுலதான் முடிச்சாரு, அவரு உசிக் கால் தூசிக்கு வரமாட்டாரு. அப்புறம் ஜேப் போடாம நேரா ரைட் ஹேண்டயே முதல் குத்தா போட ஆரம்பிச்சதும் மேட்ச் திரும்புச்சு, 12 ரவுண்டும் போய் பாயின்ட்ல நான் ஜெயிச்சேன். ஆனா எனக்கு மனசுல உசிக்தான் ஜெயிச்சாரு, தம்பி கடைசி ரெண்டு ரவுண்டு சொதப்பிட்டான். பெரியப்பா கிட்ட இத சொல்லிடாதீங்க.

இங்கதான் ரேட்டிங் சிஸ்டம் மேல எனக்கு கடுப்பு. எந்த அலி? 66ல கைய தொங்க விட்டுட்டு டான்ஸ் ஆடின அலியா, 74ல கின்ஷாசால கயித்துல சாஞ்சு ஃபோர்மன் அடிச்சதெல்லாம் வாங்கிக்கிட்டு எட்டாவது ரவுண்டுல சாச்ச அலியா? நடுவுல மூணரை வருஷம் ஆட விடாம கால் போயிடுச்சு, அது ரெண்டும் ரெண்டு ஆளு. ஒரு ஆளுக்கு ஒரே நம்பர போட்டு அடைச்சா ரெண்டுல ஒருத்தர் காணாம போறாரு.

ராபின்சன், க்ராஃபோர்ட் போட்டோம், எப்ப ஆடினாலும் ராபின்சன் கைல ஒரு சுகம் இருக்கு, அவ்ளோதான் சொல்லுவேன். சுமார் 200 ஃபைட் ஆடினவரையும் 42 ஃபைட் ஆடினவரையும் எப்படி எடை போடுறதுன்னு நாங்க சாப்பாடு ஆறுற வரைக்கும் சண்டை போட்டோம்.

டைசன் ரிலீஸ் லிஸ்ட்ல இல்ல. அலி, டைசன் மோதலுக்காகவே வாங்கணும்னா பழைய ஃபைட் நைட் சாம்பியன தேடிப் புடிங்க, அதுல ரெண்டு பேரும் இருக்காங்க. நான் அத செகண்ட் ஹேண்ட்ல ஒரு கடைல வாங்கி, டிஸ்க் பூரா கீறல், மூணாவது ரவுண்டுல நின்னுடுது, திருப்பி குடுக்க போனா "உங்க மிஷின்தான் சார் பிராப்ளம்"ங்கறான். வாங்கும்போது வெளிச்சத்துல காட்டி பாத்து வாங்குங்க.

என்ன கேட்டா அஞ்சுக்கு மூணரை. தனியா ஆட வாங்கினா மூணு, பக்கத்துல சேர் போட்டு திட்ட ஒரு பெரியப்பா இருந்தா நாலரை. அடுத்த வாரம் ஃப்ரேசியர், வைல்டர். லெஃப்ட் ஹூக் எப்படி போடணும்னு இப்பவே எழுந்து நின்னு காட்டிட்டு இருக்காரு, பெரியம்மா கத்துறாங்க, இடுப்பு புடிச்சுக்கப் போகுது உக்காருங்கன்னு.