இறையியல் கட்டணமா, கமிட்டி நாற்காலியா? எங்கள் பெண்கள் சங்கம் எடுத்த முடிவு

சமைக்கும்போது ஒவ்வொரு பிடியாக எடுத்துவைத்த பிடியரிசியை விற்ற பணமும் சங்கச் சந்தாவும் ஓரளவு சேர்ந்ததும், அதை எதற்குக் கொடுப்பது என்ற பேச்சு எங்கள் பெண்கள் சங்கத்தில் எழுந்தது. சபையில் பெண்கள் தலைமைக்கு வரவேண்டும் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்தில்லை. எந்த வழி என்பதில்தான் பிரிந்தோம். இறையியல் படிக்கிற ஒரு பெண்ணுக்குக் கட்டணம் கட்டுவோம், நாளை அவள் ஆயராக, அதாவது சபைப் போதகராக, வரட்டும் என்றார்கள் பாதிப் பேர். நம் பெண்களுக்குக் கணக்கும் சட்டதிட்டமும் பழக்கி, வரும் சபைத் தேர்தலில் சபையை நிர்வகிக்கும் கமிட்டிக்கு நிறுத்துவோம் என்றார்கள் மீதிப் பேர். நான் இரண்டாவது பக்கம் நின்றேன். பணமும் அந்தப் பக்கமே வந்தது. அதனால் இந்த அலசலில் என் சாய்வு தெரியும், மறைக்கவில்லை.

தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த எங்கள் சபை, கேரள எல்லையில் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையில் இருக்கிறது. 1956-இல் மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1959-இல் சபைகளை நிர்வகிக்கும் பேராயமும் தென்கேரளம், கன்னியாகுமரி என்று இரண்டானது. என் தாய்வீட்டுச் சபை கன்னியாகுமரிப் பேராயத்தில், புகுந்த வீட்டுச் சபை இந்தத் தென்கேரளப் பேராயத்தில். இரண்டுமே லண்டன் மிஷன் என்ற மிஷனரிச் சங்கம் வளர்த்த சபைகள்தான். ஆராதனை மலையாளத்தில் நடந்தாலும் வீட்டு ஜெபத்தில் நாங்கள் பாடுவது தமிழ்க் கீர்த்தனைதான்.

பெண்கள் குருவாகலாமா என்ற வேத விவாதத்துக்குள் நான் போகவில்லை. தென்னிந்தியத் திருச்சபையில் அது முடிந்துபோன விஷயம். 1976-இல் எலிசபெத் பால் அதன் முதல் பெண் ஆயராக அருட்பொழிவு பெற்றார். கேரளத்தின் முதல் பெண் ஆயரான மரகதவல்லி டேவிட் எங்கள் தென்கேரளப் பேராயத்துக்காரர்தான். பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கில் நிலைமை வேறு: பெண்களுக்குக் குருத்துவம் இல்லை என்று 1994-இல் போப் இரண்டாம் யோவான் பவுல் உறுதியாக எழுதிவிட்டார், 2021-இல் போப் பிரான்சிஸ் வேதம் வாசிக்கும் வாசகர் பணியையும் பீடத்தில் குருவுக்கு உதவும் பீடப் பணியையும் மட்டும் பெண்களுக்குத் திறந்தார். இரட்சணிய சேனை என்ற சபையிலோ கணவனும் மனைவியும் சேர்ந்தே அதிகாரிகள், அதாவது அவர்களுடைய போதகர்கள். 1934-லேயே எவாஞ்சலின் பூத் அதன் உலகத் தலைவரானார். ஆனால் அங்கே ஞானஸ்நானமோ திருவிருந்தோ கிடையாது, ஆகையால் அதை எங்கள் நிலைமையோடு நேராக ஒப்பிட முடியாது.

முதல் வழியின் பலம் திருவிருந்து மேசையில் இருக்கிறது. ஒரு பெண் அப்பத்தைப் பிட்டுக் கொடுப்பதைப் பார்த்து வளரும் பெண்பிள்ளைக்கு யாரும் வேறு பாடம் நடத்த வேண்டியதில்லை. எந்தக் கமிட்டிப் பதவியும் அதற்கு ஈடாகாது. திருவனந்தபுரம் கண்ணம்மூலை இறையியல் கல்லூரியிலோ மதுரை அரசரடிக் கல்லூரியிலோ நான்கைந்து ஆண்டு படிக்கிற பெண்ணுக்கு விடுதிச் செலவு, புத்தகம், பயணம் என்று தேவை தொடர்ந்து இருக்கும். வீட்டில் கல்யாணப் பேச்சு வேறு நெருக்கும். அந்த நேரத்தில் ஒரு சங்கம் பின்னால் நிற்பது பெரிய தைரியம்.

ஆனாலும் நான் மறுபக்கம் போனதற்குக் காரணம் மாற்றல் உத்தரவு.

ஆயரை அனுப்புவதும் எடுப்பதும் பேராயம். நாங்கள் படிக்கவைத்த பெண் எங்களிடமே வருவாள் என்பதற்கு உறுதி இல்லை, வந்தாலும் சில ஆண்டுகளில் போயாக வேண்டும். போகும் இடத்தில் அவளுக்கு என்ன கிடைக்கும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? போதகர் இல்லத்துக்கு உள்தாழ்ப்பாளோடு குளியலறை கட்டலாமா, நள்ளிரவில் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் வண்டிக்கு யார் ஏற்பாடு செய்வது, பேறுகாலத்தில் அவள் இல்லாத ஞாயிறுகளை முணுமுணுக்காமல் எப்படி நடத்துவது, எல்லாமே கமிட்டி மேசையில் தீர்மானமாகும் விஷயங்கள். அந்த மேசையைச் சுற்றி ஆண்கள் மட்டும் இருந்தால், ஒரு பெண் ஆயர் தன் மாதவிலக்கு நாள் சிரமத்தைக்கூட யாரிடம் சொல்லுவார்? பெண் ஆயர் வந்த ஒரு சபையில் வருடக்கணக்காக ஒழுகிய கூரையைப் பற்றி அந்த ஊர்ப் பெண்கள் என்னிடம் சொன்னார்கள். அவருடைய பிரசங்கத்தை எல்லோரும் மெச்சினார்கள், கூரைக்குப் பணம் ஒதுக்கத்தான் ஆள் இல்லை.

இனிப் பணத்தைப் பார்ப்போம். அறுப்பின் பண்டிகைக்குத் தேங்காய், வாழைக்குலை, கோழி, பலகாரம் என்று சுமந்து வருவது பெண்கள். ஏலம் கூவுவது ஆண்கள், எழுதிவைப்பதும் ஆண்கள். அந்தத் தொகை மதில் சுவருக்குப் போகிறதா, பெண்களுக்கான கழிப்பறைக்குப் போகிறதா என்பது செலவுத் தீர்மானத்திலும் காசோலைக் கையெழுத்திலும்தான் இருக்கிறது. பொருளாளராக ஒரு பெண் உட்கார்ந்தால் வரவு செலவு வாசிக்கும்போது கேள்வி கேட்கும் துணிச்சல் பின்வரிசைப் பெண்களுக்கும் வருகிறது. குடிகாரக் கணவன்மேல் புகார் கொண்டுவரும் பெண்ணும் கமிட்டியில் தன்னைப்போல் ஒருத்தி இருந்தால் வாய் திறக்கிறாள். மிக முக்கியமாக, இந்தப் பெண்களுக்கு மாற்றல் கிடையாது. பதவிக்காலம் முடிந்தாலும் கற்றதோடு இதே ஊரில் இருப்பார்கள், அடுத்து வருகிறவளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கம் இதில் ஒரு வசதியும் உண்டு. 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ என்ற கேரள அரசின் பெண்கள் குழுத் திட்டத்தில் எங்கள் பெண்கள் பலர் கடன் கணக்கும் கூட்டக் குறிப்பும் எழுதிப் பழகியவர்கள். 2010 தேர்தலிலிருந்து கேரளத்தின் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. வார்டு மெம்பராகப் பஞ்சாயத்தில் பேசுகிற பெண், ஞாயிற்றுக்கிழமை சபைக்கூட்டத்தில் மட்டும் ஏன் வாய்மூடி இருக்க வேண்டும்? ஆகவே எங்களுக்குப் பயிற்சிச் செலவு குறைவாகவே ஆனது. சபைச் சட்டதிட்டத்தை வாசித்துப் புரியவைக்க ஒரு வழக்கறிஞர், பேரேடு காட்டித்தர ஓய்வுபெற்ற ஒரு வங்கி ஊழியர், அவ்வளவுதான்.

இந்த வழிக்கும் குறை உண்டு. சபைத் தேர்தலில் குடும்பச் செல்வாக்கு கடுமையாக வேலை செய்யும். நாற்காலியில் மனைவி, முடிவெடுப்பவர் வீட்டில் இருக்கும் கணவர் என்றாகிவிடும் ஆபத்து மெய்யானது. எங்கள் பெண்கள் இன்னும் ஒரு முழுப் பதவிக்காலத்தைக் கடக்கவில்லை, அதனால் இது நிலைத்து நிற்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நகரத்துப் பெரிய சேகரங்களின், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரங்களின், நிலவரம் எனக்கு அனுபவமில்லை. அங்கே சொத்தும் வழக்கும் அதிகம், பயிற்சியும் அதற்கேற்ப வேண்டியிருக்கலாம்.

மேல்மட்டத்துக்கும் ஆயர் வழியே தேவை, அதை ஒத்துக்கொள்கிறேன். பேராயத்தின் தலைவரான பேராயராவதற்கு ஆயராக இருந்தாக வேண்டும். 1976-க்குப் பிறகு முதல் பெண் பேராயரைப் பார்க்க நம் திருச்சபைக்கு 37 ஆண்டு ஆனது. 2013-இல்தான் ஆந்திரத்தின் நந்தியால் பேராயத்துக்குப் புஷ்பலலிதா பொறுப்பேற்றார். எல்லோரும் எங்களைப்போல் கமிட்டிப் பக்கமே சாய்ந்தால் அந்த வரிசை இன்னும் நீளும்.

உங்கள் சபையிலேயே இறையியல் படிக்கத் துடிக்கும் ஒரு பெண் இருந்தால், இவ்வளவு யோசிக்காதீர்கள், அவளுக்குக் கொடுங்கள். எங்கள் சபையில் இப்போது அப்படி ஒருத்தி இல்லை, கணக்குத் தெரிந்த பெண்கள் இருந்தார்கள். அடுத்த ஆண்டுப் பிடியரிசியில் ஒரு பங்கை இறையியல் உதவிக்கென்று தனியாக எடுத்துவைக்கச் சங்கத்தில் கேட்டிருக்கிறேன். அதற்குமுன் போதகர் இல்லத்துக் குளியலறைக்குக் கமிட்டியில் பணம் ஒதுக்க வைக்க வேண்டும்.